பாடுவதும் படிப்பதும் ஒரே சொல்: இக்போ எழுத்திலக்கியத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

இக்போ மொழியில் 'இகு' என்றொரு வினைச்சொல் உண்டு. பக்கத்தில் புத்தகம் வந்தால் படிப்பது என்று பொருள். பாட்டு வந்தால் பாடுவது. எண் வந்தால் எண்ணுவது. இலக்கியத்துக்கு ஒரு கலைச்சொல் தேவைப்பட்டபோது இந்த வேரை ஒட்டித்தான் 'அகுமகு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். புத்தகத்துக்கு அவர்கள் சொல் 'அக்வுக்வோ'. மரத்து இலைக்கும் அதே சொல்தான். நமக்கு 'ஏடு' எப்படியோ அப்படி.

பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டங்கள் இக்போ எழுத்திலக்கியத்தை உரைநடை, கவிதை, நாடகம் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கின்றன. கவிதைக்கு 'அபு', நாடகத்துக்கு 'எஜிஜே'. இதில் 'அபு' என்பது முன்பிருந்தே பாட்டுக்கு வழங்கிய சொல். பிரித்துப் படிப்பதில் தவறில்லை. ஆனால் மூன்றுமே வாயிலிருந்து தாளுக்கு வந்தவை என்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக வந்தது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, யார் இந்த இக்போ மக்கள்? நைஜீரியாவின் தென்கிழக்கில், பெரும்பாலும் நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்பவர்கள். அனாம்ப்ரா, இமோ, எனுகு, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்கள் அவர்களுடைய மையப் பகுதி. பேசுவோர் சுமார் 3 கோடி. பெயரில் வரும் 'க்ப்' ஒலியை நாம் இரண்டாக உடைத்துச் சொல்கிறோம். அவர்கள் உதட்டை மூடித் திறக்கும் அதே நொடியில் அடிநாக்கையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்வார்கள். முயன்று பாருங்கள், முதல் நாளில் வராது.

இப்போது ஒரு புதிர். முதல் இக்போ நாவல் பரிசு பெற்றது 1933இல். முதலில் அச்சான இக்போ நாடகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1974இல் வந்தது. நவீன இக்போ கவிதைகளின் தொகுப்பாக முதலில் பேசப்படும் புத்தகம் 1975. இடையில் நாற்பது ஆண்டுகள். ஆட்டமும் பாட்டும் முகமூடியும் இல்லாமல் ஒரு சாவுகூட நடக்காத ஊர்களில், நாவல் என்ற அந்நிய வடிவம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டும் நாடகமும் ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே மூன்று வகைகளையும் பார்க்கலாம்.

எழுத்துக்கு முன்னால் இருந்த சரக்கு பெரியது. 'அகுகோ இஃபோ' என்பவை இரவில் சொல்லும் கதைகள். கதை சொல்பவர் "இஃபோ சக்பீ!" என்று குரல் கொடுக்க வேண்டும். கூட்டம் "வோ!" என்று பதில் கொடுக்க வேண்டும். "உங்களுக்கு ஒரு கதை சொல்லவா" என்றால் "சொல்லுங்கள், மனம் குளிரட்டும்" என்பார்கள். பதில் வராவிட்டால் கதை நகராது. இந்தக் கதைகளின் நிரந்தர நாயகன் 'ம்பே' என்னும் ஆமை. தந்திரக்காரன், பேராசைக்காரன், பெரும்பாலும் தன் தந்திரத்திலேயே மாட்டிக்கொள்பவன். ஒரு கதையில் பறவைகளிடம் இறகு கடன் வாங்கி வானத்து விருந்துக்குப் போவான். அங்கே தன் பெயரை 'நீங்கள் எல்லோரும்' என்று மாற்றிக்கொள்வான். "இந்தச் சாப்பாடு யாருக்கு?" என்று கேட்டால் "உங்கள் எல்லோருக்கும்" என்று பதில் வரும் அல்லவா? அத்தனையையும் அவனே சாப்பிட்டுவிடுவான். பறவைகள் இறகைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள, மேலிருந்து விழுந்து ஓடு சிதறும். ஆமை ஓட்டில் ஒட்டுப் போட்டதுபோல் கோடுகள் இருப்பது அதனால்தானாம்.

கதை தவிர விடுகதை உண்டு, 'ம்பெம்' என்னும் ஓதற்பாட்டு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே 'இலு' என்னும் பழமொழி உண்டு. பேச்சைச் சாப்பிடத் தொட்டுக்கொள்ளும் பனையெண்ணெய் பழமொழி என்று அவர்களே பழமொழியைப் பற்றி ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் எண்ணெய்ப்பனையின் சிவந்த எண்ணெய் இல்லாமல் கிழங்கு தொண்டையில் இறங்காது. ஆகவே உவமை அலங்காரமல்ல, சமையலறை உண்மை. இதை நினைவில் வையுங்கள், நாவலுக்குள் போகும்போது உதவும்.

எழுத்து மிஷனரிகளோடு வந்தது. 1857இல் கிறித்தவ மிஷன் ஒனிட்சாவில் கால் ஊன்றியது. அதே ஆண்டில் சாமுவேல் அஜாயி குரோதர் ஓர் இக்போ எழுத்துப் பாடநூலை வெளியிட்டார். அவர் இக்போக்காரர் அல்ல, யொருபா இனத்தவர். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு மீட்கப்பட்டவர், பின்னாளில் ஆயரானவர். 1913இல் முழு விவிலியமும் இக்போவில் வந்தது. தாமஸ் டென்னிஸ் என்ற பாதிரியார் தலைமையில் ஒனிட்சா, ஒவெரி, ஊன்வானா, அரோச்சுக்வு, போனி ஆகிய ஐந்து வட்டார வழக்குகளைக் கலந்து செய்த மொழி அது. 'ஒன்றிய இக்போ' என்று பெயர். எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று செய்தார்கள், யாருடைய வீட்டிலும் பேசாத மொழியாக வந்து சேர்ந்தது. ஆனாலும் அதுதான் ஒரு தலைமுறைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. உரைநடைக்கு வாசகர்கள் தயாரானது இப்படித்தான். புதிரின் முதல் விடையும் இதுதான்: தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரைநடை தேவைப்பட்டது. ஊர்ப் பாட்டு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முகமூடி ஆட்டத்தைப் பேய் வழிபாடு என்றே பார்த்தார்கள்.

அப்புறம் வந்தது 'ஒமெனுகோ'. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க மொழிகள், பண்பாடுகளுக்கான சர்வதேச நிறுவனம் ஆப்பிரிக்க மொழிகளில் எழுதுவோருக்குப் போட்டி வைத்தது. அதில் 1933இல் பரிசு வென்றது பீட்டா ந்வானாவின் இந்தக் கதை. அவர் பேராசிரியரோ பாதிரியாரோ அல்ல. உசுவாகோலி ஊரின் மெத்தடிஸ்ட் கல்லூரியில் தச்சு வேலை பார்த்தவர். ஒரு மொழியின் முதல் நாவலை ஒரு தச்சர் எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கதைச் சுருக்கம் இது. ஒமெனுகோ ஒரு வியாபாரி. தொழில் பழகுவதற்காக ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவனிடம் விட்டிருக்கிறார்கள். இக்போ சமூகத்தில் இது இன்றைக்கும் வலுவாக இருக்கும் பழக்கம்: பையன் சில ஆண்டுகள் முதலாளியோடு இருந்து உழைப்பான், பிறகு முதலாளி அவனுக்குத் தனிக்கடை வைத்துக்கொடுப்பார். ஒமெனுகோவும் பையன்களும் சரக்கைத் தலையில் சுமந்து பெண்டே சந்தைக்குப் போகிறார்கள். வழியில் ஆற்றுப் பாலம் உடைகிறது. சரக்கெல்லாம் தண்ணீரோடு போகிறது. முதல் போய்விட்டது என்ற பதற்றத்தில் அவன் ஒரு காரியம் செய்கிறான். தன்னை நம்பி வந்த பையன்களையே அடிமைகளாக விற்றுவிடுகிறான். அவர்களில் உறவுக்காரப் பையனும் உண்டு.

ஊர் சும்மா விடுமா? குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக வேறு ஊருக்கு ஓடுகிறான். போன இடத்தில் செல்வாக்கு வளர்கிறது. அந்த ஊர்த் தலைவர் இறந்தபின், சிறுவனான மகனின் இடத்தில் இருந்து ஆளும் பொறுப்பும் அவனுக்கே வருகிறது. வெள்ளைக்கார அரசு அவனைத் தலைவனாக ஏற்கிறது. இங்கே கொஞ்சம் பின்னணி வேண்டும். பெரும்பாலான இக்போ ஊர்களில் அன்று அரசன் என்று ஒருவர் கிடையாது, ஊர்க்கூட்டம்தான். பிரிட்டிஷார் ஆள்வதற்கு வசதியாக ஆளுக்கொரு காகிதத்தைக் கொடுத்து 'வாரண்ட் தலைவர்'களை உண்டாக்கினார்கள். 1929இல் ஆபா பகுதிப் பெண்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்தத் தலைவர்கள் மீதான கோபமும் ஒரு காரணம். ஆக, ஒமெனுகோ ஏறிய நாற்காலி எப்படிப்பட்டது என்று அன்றைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் அவன் ஊர் திரும்ப ஏங்குகிறான். விற்ற பையன்களைத் தேடி மீட்கிறான், நிலத்துக்கும் முன்னோருக்கும் செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்து வீடு சேர்கிறான்.

இது கற்பனை மட்டுமல்ல. அரோன்டிசுவோகு ஊரின் இக்வேக்பே ஒடும் என்ற உண்மை மனிதரின் வாழ்க்கையை ஒட்டி எழுதப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். 'ஒமெ' என்றால் செய்பவன், 'உகோ' என்றால் தட்டுப்பாடு. பற்றாக்குறைக் காலத்திலும் கைகொடுப்பவன் என்பது பொருள். அப்படிப்பட்ட பட்டப்பெயரைத் தாங்கியவன் பற்றாக்குறை வந்த அன்று என்ன செய்தான் என்பதுதான் கதை. ந்வானா அவனை வில்லனாக நிறுத்தித் தீர்ப்பு எழுதுவதில்லை. ஊர் மூத்தவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதுபோல, பழமொழிகளைத் தொட்டுக்கொண்டு சொல்லிப் போகிறார். நாவலின் மொழியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: ஒரு பழமொழியை எடுத்துக்கொண்டு, அதை யார் சொல்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார், எதை மறைக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். பழமொழி பெரும்பாலும் அழகுக்காக வராது, பேரம் பேச வரும்.

1937இல் டி.என். அச்சாரா எழுதிய 'அலா பிங்கோ' வந்தது. பிங்கோ என்ற நாட்டின் அரசனைப் பற்றிய, நாட்டுப்புறக் கதைக்கு மிக நெருக்கமான சிறு நூல். அப்புறம் லியோபோல்ட் பெல்-காம் எழுதிய ஒடுமொடுவின் பயணக் கதை. இப்படி விரல் விட்டு எண்ணலாம். வாசகர்கள் இருந்தும் புத்தகங்கள் வரவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: எழுத்துச் சண்டை.

1929 வாக்கில் காலனி அரசு புதிய எழுத்து முறை ஒன்றைக் கொண்டுவர முயன்றது. அதில் சில ஒலிகளுக்கு ரோமன் அகரவரிசையில் இல்லாத புதுக் குறிகள். ஆங்கிலிக்கன் மிஷன் தன் விவிலியம் அச்சான பழைய முறையை விட மாட்டேன் என்றது. அதில் எழுத்தின் கீழே புள்ளி வைப்பார்கள். கத்தோலிக்கர்கள் புதிய முறைப் பக்கம் போனார்கள். ஒரே ஊரில் இரண்டு பள்ளி, ஒரே மொழி, இரண்டு எழுத்து. ஒரு பள்ளிக்கு எழுதிய புத்தகத்தை மற்றப் பள்ளி வாங்காது. எந்தப் பதிப்பாளர் துணிவார்? 1961இல் டாக்டர் எஸ்.இ. ஒன்வு தலைமையில் அமைந்த குழுதான் ஒருவழியாகச் சமரசம் செய்தது. 8 உயிர், 28 மெய், மொத்தம் 36 எழுத்துகள். சில உயிர்களின் கீழே புள்ளி. இன்றும் அந்த 'ஒன்வு' முறையில்தான் எழுதுகிறார்கள். நடுவே போனது 30 ஆண்டுகளுக்கு மேல். எழுத்தாளர்கள் உருவாகியிருக்க வேண்டிய ஒரு முழுத் தலைமுறை அது.

அந்தத் தலைமுறை எங்கே போனது? ஆங்கிலத்துக்கு. ஒனிட்சா சந்தையில் 1940களிலிருந்து காதல் கதை, அறிவுரை, அரசியல் நாடகம் என்று மலிவுச் சிறுநூல்கள் குவிந்தன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில். 1958இல் சினுவா அச்செபேயின் முதல் நாவல் வந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்று படித்திருப்பீர்கள். உலகம் முழுக்க இக்போ வாழ்க்கையைக் கொண்டுபோன அந்தப் புத்தகம் இக்போ மொழிக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1963இல் ஒபியாஜுன்வா வாலி என்ற விமர்சகர், ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அதையும் அவர் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.

இந்த நிலையில் மொழிக்காக ஒற்றையாளாக ஓடியவர் எஃப்.சி. ஒக்பாலு. 1949இல் இக்போ மொழி, பண்பாட்டு வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார். பழமொழிகளைத் தொகுத்தார், பாடநூல் எழுதினார், அச்சகம் வைத்தார், கருத்தரங்கு கூட்டினார். 'இக்போ இசுக்பே' என்னும் பொது இக்போவை உருவாக்கும் வேலையிலும், இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் இக்போவிலேயே கலைச்சொல் காணும் வேலையிலும் அந்தச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1967 முதல் 1970 வரை பயாஃப்ரா போர். தனிநாடு கேட்ட இக்போ பகுதி முற்றுகையிடப்பட்டு, பட்டினியில் பெருந்திரளாக மக்கள் செத்தார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே இக்போ மொழிப் புத்தகங்கள் திடீரென்று பெருகின. தோற்ற மக்களுக்குத் தங்கள் மொழி மேல் ஒரு பிடிப்பு வந்தது என்பது ஒரு பக்கம். பள்ளித் தேர்வுகளுக்கு இக்போ பாடநூல் தேவைப்பட்டது என்பது மறுபக்கம். இரண்டாவது காரணத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பாடத்திட்டம் உரைநடை, கவிதை, நாடகம் என்று மூன்று கட்டம் போட்டு வைத்தால், காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்ப யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? கவிதையும் நாடகமும் 1970களில் ஒரே மூச்சில் அச்சுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்து உரைநடையில் முதலில் படிக்க வேண்டியவர் டோனி உபேசியே. 1973இல் வந்த அவருடைய நாவலின் தலைப்பே ஒரு பழமொழி: 'உக்வா ருவோ ஒகே யா ஒ டா', அதாவது 'காலம் வந்தால் உக்வா காய் தானே விழும்'. உக்வா என்பது பலாப்பழத்தை நினைவூட்டும் பெரிய காய். பறிக்க மாட்டார்கள், விழும் வரை காத்திருப்பார்கள். அதே ஆண்டின் 'இசி அக்வு டாரா நாலா', 'தரையில் விழுந்த பனங்குலை', போர்க்காலக் கதை. வசதியாக இருந்த கணவன் போரில் எல்லாம் இழக்க, மனைவி ஆடா அவனை விட்டு விலகிப் போகிறாள். மொழிச்சுவைக்காக இதைக் கொண்டாடுவார்கள். ஆனால் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: போர் உண்டாக்கிய சீரழிவை ஏன் ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைக்க வேண்டும்?

இனி கவிதை. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இக்போ கவிதை கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும். இக்போ ஒரு சுருதி மொழி. ஒரே எழுத்துக்கூட்டலை மேலெடுத்துச் சொல்வதா கீழிறக்கிச் சொல்வதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'அக்வா'. இரண்டு அசையும் மேலே போனால் அழுகை. இரண்டும் கீழே என்றால் கட்டில். மேலே தொடங்கிக் கீழே வந்தால் துணி. கீழே தொடங்கி மேலே போனால் முட்டை. ஒன்வு எழுத்துமுறையில் சாதாரணமாக இந்தச் சுருதிக் குறிகளைப் போடுவதில்லை. தாளில் நான்கும் ஒன்றுபோலவே கிடக்கும், வாசிப்பவர் குரல்தான் பிரித்துத் தர வேண்டும். 'எக்வு' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு சுருதியில் பாட்டு, ஆட்டம். இன்னொரு சுருதியில் அச்சம்.

ஆகவே எதுகை, இயைபு தேடிப் போனால் ஏமாற்றம்தான். இக்போ பாட்டின் கட்டுமானம் வேறு இடத்தில் இருக்கிறது: திரும்பத் திரும்ப வரும் வரி, ஒரே அமைப்பில் அடுக்கிவரும் வாக்கியங்கள், ஒருவர் எடுக்கக் கூட்டம் முடிக்கும் முறை, சுருதி ஏற்ற இறக்கங்கள். 'ந்வாயோ ந்வாயோ', 'ங்வா ங்வா' போன்ற இரட்டிப்புகள் வேறு. முதலாவது 'மெல்ல மெல்ல', இரண்டாவது 'சீக்கிரம் சீக்கிரம்'. உயிரெழுத்துகளும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும். ஒரு தனிச்சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரே அணிதான் வரும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் தானாகவே ஒரு நிறம் ஒட்டிக்கொள்கிறது. முன்பு பார்த்த 'ஒமெனுகோ'வில் முன்பாதி ஓர் அணி, பின்பாதி இன்னோர் அணி. அது இரண்டு சொல் சேர்ந்த பெயர் என்று காதுக்கே தெரிந்துவிடும்.

1975இல் ஆர்.எம். எகெச்சுக்வு தொகுத்த 'அக்பா உச்சே', 'சிந்தனைப் பை', நவீன இக்போ கவிதைக்கு ஒரு தொடக்கப் புள்ளி. எனக்கு இன்னும் சுவாரசியமானது 1982இல் அச்செபேயும் ஓவியர் ஒபியோரா உடெச்சுக்வுவும் தொகுத்த 'அகா வெட்டா'. ஒரு கை கொண்டுவர, இன்னொரு கை கொண்டுவர, வாய் நிறையும் என்ற பழமொழியிலிருந்து எடுத்த தலைப்பு. துணைத்தலைப்பு 'பாடிய பாட்டு, எழுதிய பாட்டு' என்று வருகிறது. பாடியதையும் எழுதியதையும் ஒரே அட்டைக்குள் போட்டார்கள். அதோடு பொது இக்போவின் 'ர' வர வேண்டிய இடத்தில் தங்கள் வட்டார 'ல'வை வைத்தார்கள், துணைத்தலைப்பிலேயே. தரப்படுத்திய மொழி கவிதையின் மூச்சை நிறுத்திவிடும் என்பது அச்செபேயின் கட்சி. 1999இல் ஒவெரியில் இக்போவிலேயே ஆற்றிய உரையில், டென்னிஸ் பாதிரியாரின் கலவை மொழியைக் கடுமையாகத் தாக்கினார். அந்த உரையையும் தன் ஊர் வழக்கில்தான் ஆற்றினார்.

பாடிய பாட்டு எழுதிய பாட்டாக மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால், கவிஞர் கிறிஸ்டோஃபர் ஒகிக்போவுக்காக அச்செபே இக்போவில் எழுதிய இரங்கல் பாட்டைப் படிக்க வேண்டும். ஒகிக்போ 1967இல் பயாஃப்ராவுக்காகப் போரிட்டு இறந்தார். இக்போ ஊர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய வயதுக்குழுத் தோழர்கள் ஊரைச் சுற்றி வந்து அவரைத் தேடுவதுபோல் பாடுவது வழக்கம். விறகு வெட்டப் போனானா, தண்ணீர் எடுக்கப் போனானா, போயிருந்தால் திரும்பி வரட்டும் என்று கேட்டுக்கேட்டு அழைப்பார்கள். அச்செபே அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தேடப்படும் பெயராக ஒகிக்போவை வைத்தார். பதில் வராது என்று பாடுபவர்களுக்கும் தெரியும். புதிதாக ஓர் உவமைகூட வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் மிகச் சிக்கலாக எழுதியவர் என்று பெயர் வாங்கிய கவிஞருக்கு, ஊர்த் தெருவில் பாடும் எளிய பாட்டு.

நாடகத்துக்கு வருவோம். இங்கே மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி: இக்போக்காரர்களுக்கு நாடகம் முன்பே இருந்ததா? 'ம்மன்வு' என்னும் முகமூடி ஆட்டத்தில் உடை உண்டு, இசை உண்டு, பாத்திரம் உண்டு, பார்ப்போர் உண்டு. ஆனால் முகமூடிக்குள் இருப்பது நடிகர் அல்ல, முன்னோரின் ஆவி. குறைந்தபட்சம் அப்படித்தான் எல்லோரும் நடந்துகொள்ள வேண்டும், உள்ளே இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தாலும். 1970களில் மைக்கேல் எச்செருவோ, சடங்கு தனக்குள் இருக்கும் கதையை வெளியே விட்டால்தான் நாடகம் ஆகும் என்று வாதிட்டார். ஒஸ்ஸி எனெக்வே அதை மறுத்தார். கதையும் வசனமும்தான் நாடகம் என்பது ஐரோப்பிய அளவுகோல், ஆட்டமும் இசையும் முகமூடியும் சேர்ந்த முழுமையே ஒரு நாடக அரங்கு என்று 1987இல் புத்தகமே எழுதினார். என் ஓட்டு எனெக்வேக்கு. ஆனாலும் எச்செருவோவின் கேள்வி பயனுள்ளது, ஏனென்றால் தாளில் எழுதும்போது ஆட்டமும் தாளமும் போய்விடும், மிஞ்சுவது கதையும் வசனமும்தான்.

இந்தச் சிக்கலோடுதான் எழுத்து நாடகம் தொடங்கியது. 1974இல் அனெலெச்சி சுக்குவேசியின் 'உடோ கா ம்மா', 'சமாதானமே மேல்', அச்சானது. 1977இல் ந்சுக்காவைச் சேர்ந்த ஒடுங்கே கலைஞர்கள் குழு 'ஒஜாடிலி' என்ற நாடகத்தை வெளியிட்டது. ஒருவர் எழுதாமல் குழுவாக எழுதியது என்பதே வாய்மொழி மரபின் வாசனை. நாடகத்துக்கு அடித்தளம் ஒரு பழைய மல்லன் கதை. மனிதரில் எல்லோரையும் வீழ்த்திய மல்லன், போதாதென்று ஆவிகளின் உலகத்துக்கே சண்டைக்குப் போகிறான். பல தலை கொண்ட ஆவிகளையும் சாய்க்கிறான். இதன் சில வடிவங்களில், கடைசியாக எதிரே வந்து நிற்பது அவனுடைய சொந்த 'சி', மெலிந்து நோஞ்சானாக. 'சி' என்பது ஒவ்வொருவருக்கும் உரிய தனித் தெய்வம், விதியின் பங்காளி என்றும் சொல்லலாம். அந்த நோஞ்சான் அவனை ஒரே கையால் தூக்கித் தரையில் அடிக்கிறது. "ஆள் சம்மதித்தால் அவனுடைய சியும் சம்மதிக்கும்" என்று ஒரு பழமொழி முயற்சியைப் புகழும். இந்தக் கதையோ, சியோடு மல்லுக்கு நிற்காதே என்கிறது. இக்போ நாடகப் பாத்திரங்கள் பலவற்றைப் புரிந்துகொள்ள இந்த இழுபறி போதும்.

நாடகத்துக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. நாவலாசிரியர் பொது இக்போவில் கதை சொல்லிவிட்டுப் போகலாம். மேடையில் பாட்டியும் போலீஸ்காரரும் சந்தை வியாபாரியும் பாடப்புத்தக மொழியிலேயே பேசினால் யார் நம்புவார்கள்? வட்டார வழக்கில் எழுதினால் தேர்வுத்தாள் ஏற்காது. அதனால் அச்சான நாடகங்கள் பல பள்ளி மேசையைத் தாண்டவில்லை. வெகுஜனக் கூட்டம் வேறு வழியில் வந்தது. 1992இல் கென்னத் ந்னெபுவே தயாரித்த 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற வீடியோப் படம் பெயரில்தான் ஆங்கிலம், பேச்சு முழுக்க இக்போ. ஆங்கில எழுத்து கீழே ஓடியது. கேசட்டாக விற்றது. நோலிவுட் என்று இன்று சொல்லும் திரைத்தொழில் அதிலிருந்து பெருகியது. பணத்துக்காக மனைவியைப் பலி கொடுப்பவனின் கதை அது. சரக்கு போனதற்காகப் பையன்களை விற்ற ஒமெனுகோவுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் பாடத்திட்டத்தின் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் ஒரு ஆமைக் கதையை இக்போவில் யாராவது சொல்லக் கேளுங்கள், பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இணையத்தில் தேடினால் ஒலிப்பதிவு கிடைக்கும். கூட்டம் எந்த இடத்தில் பதில் கொடுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் மொழிபெயர்ப்பில் ஒமெனுகோ, பழமொழிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு. அதன்பின் ஒகிக்போ இரங்கல், வாய்விட்டு. நாடகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தனியாகப் படிக்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து. நடுவில் எங்காவது 'அக்வா' என்ற சொல் வந்து நின்றால், அழுகையா, கட்டிலா, துணியா, முட்டையா என்று அகராதியைப் புரட்டுவதற்கு முன் அந்த வரியை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.